கடை மூடிய பிறகு கையில் என்ன மிச்சம்? டிஜிட்டல் கேம்கள் பற்றி ஒரு சின்ன வரலாறு

போன பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் பையன் கல்லூரி முடித்து வேலைக்குச் சேரப் போகிறவன். சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போது, "சித்தப்பா, நாம ரெண்டு பேரும் விளையாடுவோமே, அந்த கார் கேம் இன்னும் இருக்கா?" என்று கேட்டான்.

இருந்தது. அதாவது, இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2011ல் இணையத்தில் காசு கட்டி வாங்கியது. அப்போது அவனுக்கு ஏழு வயசு. லீவு விட்டால் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். ஆளுக்குப் பாதி கீபோர்டைப் பிரித்துக்கொண்டு ஓட்டுவோம்.

அடுத்த வாரம் அவன் வந்தபோது பரணிலிருந்து பழைய லேப்டாப்பை இறக்கினோம். சார்ஜர் தேடவே அரை மணி நேரம். ஆன் ஆனது. திரையில் அந்த ஐகானும் அப்படியே இருந்தது. க்ளிக் செய்தால், உரிமத்தைச் சரிபார்க்க முடியவில்லை, பிறகு முயலவும் என்று ஒரு பெட்டி வந்தது. பிறகு என்றால் எப்போது? அந்த சர்வரை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது என்று அப்புறம்தான் தெரிந்தது. நிறுவனத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை.

அதே பரணில் 2001ல் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய ஒரு கேம் சிடியும் கிடைத்தது. அசலா நகலா என்று கேட்காதீர்கள். போட்டோம், ஓடியது.

இதில் கோபப்பட எனக்குத் தகுதி கொஞ்சம் குறைவு. 2013ல் நானே ஒரு லைசென்ஸ் சர்வரை நிறுத்தியிருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் பழைய தயாரிப்பு, குழந்தைகளுக்கான பாட மென்பொருள். புதுக் கம்ப்யூட்டரில் நிறுவினால் ஒருமுறை சர்வரைக் கேட்டு அனுமதி வாங்கும். என் கையில் ஒரு செக்லிஸ்ட் கொடுத்தார்கள். பேக்கப் எடுத்தாச்சா, அலர்ட்களை நிறுத்தியாச்சா, மாத பில் நின்றதா என்று இருபது வரிகளுக்கு மேல். எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். பாராட்டி ஒரு மெயில்கூட வந்தது. காசு கொடுத்து வாங்கியவர் கம்ப்யூட்டரை மாற்றினால் என்ன செய்வார் என்று அந்தப் பட்டியலில் ஒரு வரி இல்லை. எனக்கும் தோன்றவில்லை. பொங்கல் வரைக்கும் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு சில மாதம் கிடைத்த நேரத்தில் எல்லாம் இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். அதன் குறிப்புகள் இவை.

நான்கு தனித்தனி வேலைகள்

வரலாற்றுக்குப் போகும் முன் ஒரு விஷயத்தைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. "கடையை மூடிட்டாங்க" என்று செய்தி வரும்போது நாம் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். உள்ளே நடப்பது நான்கு வேறு வேறு வேலைகள்.

ஒன்று, விற்பது. இரண்டு, ஏற்கெனவே வாங்கியவர் மறுபடி டவுன்லோடு செய்ய ஃபைலை வைத்திருப்பது. மூன்று, இவர் வாங்கியவர்தானா என்று சரிபார்ப்பது. நான்கு, விளையாடும்போது பின்னாலிருந்து கேமை நடத்தும் சர்வர்.

இந்த நான்கும் ஒரே நாளில் சாவதில்லை. முதலாவது நின்றால் புதிதாக வருகிறவருக்குத்தான் நஷ்டம். இரண்டாவது நின்றால் ஹார்ட் டிஸ்க் போனவருக்கு நஷ்டம். மூன்றாவது நின்றால், ஃபைல் கையில் இருந்தும் பயனில்லை. என் கார் கேமுக்கு நடந்தது அதுதான். நான்காவதில்தான் பெரிய சண்டையே நடக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வாடகை என்று சொல்லிக் கொடுத்த காலம்

கம்பி வழியாக கேம் வருவது இணையக் காலத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1983ல் அமெரிக்காவில் கேம்லைன் என்று ஒரு சேவை. அடாரி 2600 கருவியில் ஒரு மோடத்தைச் செருகி, தொலைபேசி வழியாக கேமை இறக்கிக்கொள்ளலாம். சில தடவை விளையாடியதும் தீர்ந்துவிடும், மறுபடி காசு கட்ட வேண்டும். அந்த வருஷமே வீடியோ கேம் சந்தை சரிந்ததில் சேவை படுத்துவிட்டது. அதை நடத்திய நிறுவனத்தின் மிச்சத்திலிருந்துதான் பின்னாளில் ஏஓஎல் உருவானது என்பது தனிக் கதை.

1994 கடைசியில் சேகா சேனல் வந்தது. கேபிள் டிவி வழியாக, மாதச் சந்தாவுக்கு மாதம் 50 கேம் வரை. கருவியை அணைத்தால் கேம் போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானின் சாட்டலாவியூ. நின்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் கருவிக்குக் கீழே பொருத்தும் ஒரு பெட்டி அது. 1995 ஏப்ரலிலிருந்து 2000 ஜூன் வரை செயின்ட் கீகா என்ற செயற்கைக்கோள் வானொலி நிறுவனம் கேம்களை ஒலிபரப்பியது. ஆமாம், வானொலி நிகழ்ச்சி மாதிரி நேரம் குறித்து! சில கேம்களுக்குப் பின்னணிக் குரலும் இசையும் அதே நேரத்தில் நேரலையாக வரும். 1995ல் வந்த ஸெல்டா பதிப்பு அப்படிப்பட்டது. கேம் தரவு 8 மெகாபிட் மெமரி பேக்கில் பதியும். குரல் எங்கேயும் பதியாது.

அதனால் இன்று என்ன ஆகியிருக்கிறது தெரியுமா? ஆர்வலர்கள் ஜப்பானில் பழைய மெமரி பேக்குகளைத் தேடி வாங்கி, உள்ளே கடைசியாக என்ன பதிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார்கள். அன்றைக்கு யாரோ ஒருவர் அதன்மேல் வேறு கேமைப் பதியாமல் விட்டிருந்தால் நமக்கு அதிர்ஷ்டம். குரல் பகுதி வேண்டுமென்றால், அந்த நேரத்தில் யாராவது டேப்பில் பதிவு செய்திருக்க வேண்டும்.

இந்த மூன்றிலும் ஒரு நேர்மை இருந்தது. யாரும் "வாங்குங்கள்" என்று சொல்லவில்லை. வாடகை, சந்தா, ஒலிபரப்பு என்று தெரிந்துதான் மக்கள் காசு கொடுத்தார்கள்.

பெட்டிக்குள் வெறும் சாவி

அது மாறியது ஸ்டீமில். வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் வெளியிட்டது. முதலில் தன் கேம்களைப் புதுப்பிக்கத்தான் பயன்பட்டது. 2004 நவம்பர் 16ல் ஹாஃப்-லைஃப் 2 வந்தபோதுதான் பலருக்கும் புரிந்தது. கடையில் பெட்டி வாங்கியவர்கூட வீட்டுக்கு வந்து, இணையத்தில் கணக்கு தொடங்கி, ஸ்டீமிடம் அனுமதி வாங்கினால்தான் விளையாட முடியும். முதல் நாள் கூட்டத்தில் சர்வர்கள் திணறின. கையில் டிஸ்க்கை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பெட்டிக்குள் கேமும் இருந்தது. ஆனால் சாவி வேறொருவர் வீட்டில்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், ஸ்டீம் இதுவரை பெரும்பாலும் நல்லபடியாகவே நடந்துகொண்டிருக்கிறது. விற்பனையிலிருந்து எடுக்கப்பட்ட கேமை ஏற்கெனவே வாங்கியவர் பொதுவாக இன்றும் டவுன்லோடு செய்துகொள்ளலாம். ஆனால் அந்த மென்பொருள் 2019 ஜனவரியோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கும், 2024 ஜனவரியோடு விண்டோஸ் 7க்கும் ஆதரவை நிறுத்தியது. ஸ்டீமின் உள்ளே க்ரோம் உலாவியின் ஒரு வடிவம் இருக்கிறது, அது பழைய விண்டோஸில் ஓடாது என்பது காரணம். பொறியாளராக எனக்கு இந்தக் காரணம் முழுக்கப் புரிகிறது. எக்ஸ்பியில் மட்டும் ஒழுங்காக ஓடும் கேமை எக்ஸ்பி காலத்தில் வாங்கியவருக்கும் இதே அளவு புரிய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

கடைகள் மூடத் தொடங்கின

நின்டெண்டோவின் வீ கருவியோடு 2006ல் வந்தது வீ ஷாப் சேனல். அதில் மட்டும் கிடைத்த கேம்கள் ஏராளம், டிஸ்க்கே கிடையாது. 2018 மார்ச்சில் புதிதாகப் பணம் போடுவதை நிறுத்தினார்கள். 2019 ஜனவரி 30ல் விற்பனை நின்றது. வாங்கியவர்கள் மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்றார்கள். 2022ல் சில மாதம் அந்த வழியும் அடைபட்டு, பிறகு திறந்தது. கேம்கள் ஆளுக்கு அல்ல, அந்த ஒரு கருவிக்குத்தான் சொந்தம். கருவி பழுதானால் இன்னொரு வீ வாங்கி அதில் இறக்க முடியாது.

2014 ஆகஸ்டில் கோனாமி பிளேஸ்டேஷன் 4க்கு இலவசமாக வெளியிட்ட பி.டி. என்ற குட்டித் திகில் கேம் இன்னொரு பாடம். ஒரு பெரிய கேமுக்கான முன்னோட்டம் அது. அந்தப் பெரிய கேம் கைவிடப்பட்டது. 2015 ஏப்ரலில் இதையும் கடையிலிருந்து எடுத்தார்கள். பிறகு ஏற்கெனவே இறக்கியவர்களாலும் மறுபடி இறக்க முடியவில்லை. பி.டி. உள்ளே இருக்கும் பிளேஸ்டேஷன் கருவிகளை மக்கள் கூடுதல் விலைக்கு விற்கத் தொடங்கினார்கள். அழியும் நிலையில் இருக்கும் ஓலைச்சுவடி மாதிரி, இருக்கும் பிரதிகளை எண்ணிப் பார்க்கிற நிலை.

2021 மார்ச்சில் சோனி, பிளேஸ்டேஷன் 3, பிஎஸ்பி, வீட்டா மூன்றின் கடைகளையும் அந்தக் கோடையில் மூடுவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது. மூன்றே வாரத்தில், ஏப்ரல் 19ல், முடிவு தவறு என்று ஒத்துக்கொண்டு பிளேஸ்டேஷன் 3, வீட்டா கடைகளைத் தொடர்வதாகச் சொன்னார்கள். பிஎஸ்பி தப்பவில்லை.

அந்தச் சலசலப்பில்தான் ஒரு பொத்தான் பேட்டரி பிரபலமானது. பிளேஸ்டேஷன் 4 உள்ளே நேரத்தை நினைவில் வைக்க ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. கைக்கணக்கி, எடை மெஷினில் எல்லாம் போடுவோமே, அதே சிஆர்2032. அது தீர்ந்தால் கருவிக்கு நேரம் தெரியாது. உடனே சோனியின் சர்வரைக் கேட்கும். சர்வர் பதில் சொன்னால் சரி. ஒரு நாள் அந்த சர்வரும் இல்லாமல் போனால்? டவுன்லோடு செய்தது மட்டுமல்ல, டிஸ்க்கில் வாங்கிய கேமும் தொடங்காது என்று சோதித்துக் காட்டினார்கள். விளையாட்டில் கிடைக்கும் கோப்பைகளுக்குத் தேதி போடுவதற்காக வைத்த ஒரு சரிபார்ப்புதான் மூலகாரணம் என்றார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. சர்வர் எப்போதும் இருக்கும் என்று நினைத்து யாரோ எழுதிய கோடு. 2021 செப்டம்பரில் வந்த ஒரு அப்டேட் இதைச் சரிசெய்தது. அந்த அப்டேட் இல்லாமல் அலமாரியில் தூங்கும் கருவிகளுக்கு ஆபத்து அப்படியேதான் இருக்கிறது.

பிறகு வரிசையாக வந்தன. நின்டெண்டோ 3டிஎஸ், வீ யூ கடைகள் 2023 மார்ச் 27. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29. இரண்டிலும் வாங்கியவர்கள் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். இப்போதைக்கு.

2023 ஜூலையில் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் முறையாக விற்பனைக்கு இல்லை.

இரண்டு கார் கேம்கள்

நான்காவது வேலைக்கு வருகிறேன் என்று சொன்னேன் இல்லையா, அது இதுதான்.

கார் கேம்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. உள்ளே வரும் கார்களுக்கும் பாட்டுகளுக்கும் உரிமையாளர்களிடம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் அனுமதி வாங்கியிருப்பார்கள். காலம் முடிந்தால் விற்க முடியாது. மைக்ரோசாஃப்டின் ஃபோர்ஸா ஹொரைசன் 3 இதனால்தான் 2020ல் கடையிலிருந்து போனது, ஃபோர்ஸா ஹொரைசன் 4 2024 டிசம்பரில். ஆனால் வாங்கியவர்கள் இன்றும் இறக்கி ஓட்டலாம்.

யூபிசாஃப்டின் தி க்ரூ 2014 டிசம்பரில் வந்தது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி வரைந்து, கடற்கரையிலிருந்து கடற்கரைக்கு ஓட்டவிட்ட கேம். தனியாக ஓட்டினாலும் சர்வரோடு இணைந்தே இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தி, சர்வர் உள்கட்டமைப்பையும் உரிமங்களையும் காரணமாகச் சொல்லி, 2024 மார்ச் 31ல் சர்வரை அணைத்தார்கள். டிஸ்க் வைத்திருந்தவருக்கும் அது வெறும் வட்டத் தகடு. சமீபத்தில் வாங்கிய சிலருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. பிறகு வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே உரிமம் நீக்கப்பட்டது.

ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் அந்த ஏப்ரலில் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். சர்வரைக் காலத்துக்கும் நடத்தச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. நிறுத்தும்போது, வாங்கியவர் ஏதோ ஒரு விதத்தில் விளையாடும் நிலையில் விட்டுவிட்டுப் போ, அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் மக்கள் மனுவாகப் பரிசீலிக்க 10 லட்சம் கையெழுத்து வேண்டும். 2025 ஜூலை இறுதியில் கணக்கு 14 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

இது முடியாத காரியம் என்று நிறுவனங்கள் சொல்வதை நான் முழுதாகத் தள்ளமாட்டேன். சர்வர் பகுதியில் வேறு நிறுவனங்களின் மென்பொருள் கலந்திருக்கும், அப்படியே தூக்கிக் கொடுக்க முடியாது. பத்து வருஷம் கழித்துப் பிரிப்பது பெரும் வேலை. ஆனால் அதே யூபிசாஃப்ட் 2024 செப்டம்பரில், தி க்ரூ வரிசையின் அடுத்த இரண்டு கேம்களுக்கும் இணையமில்லாமல் ஓடும் வசதி தருவதாக அறிவித்தது. ஆக, முடியும். யாராவது கேட்டால்.

89 சென்ட் புத்தகம்

சட்டத்தில் இது எங்கே தொடங்குகிறது என்று தேடிப் போனால், 1908க்குப் போய் நிற்கிறது. பாப்ஸ்-மெரில் என்ற அமெரிக்கப் பதிப்பகம் ஒரு நாவலின் உள்ளே, இதை ஒரு டாலருக்குக் குறைவாக விற்கக் கூடாது என்று அச்சடித்தது. நியூயார்க்கின் மேசிஸ் கடை 89 சென்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒருமுறை விற்றுவிட்டால் அந்தப் பிரதியின்மேல் பதிப்பகத்துக்கு அப்படிப்பட்ட பிடி கிடையாது என்று தீர்ப்பு. நாம் புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் விற்பதும், நூலகம் இரவல் தருவதும் இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கின்றன.

மென்பொருள்காரர்கள் இதைத் தாண்டிய விதம் எளிமையானது. நாங்கள் விற்கவே இல்லை, உரிமம்தான் தருகிறோம் என்றார்கள். பட்டனில் மட்டும் "வாங்கு" என்று எழுதினார்கள்.

அந்த ஒரு சொல்லைத்தான் கலிஃபோர்னியா பிடித்தது. 2025 ஜனவரி 1 முதல், உரிமம் மட்டும்தான் தருகிறோம் என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் பொருளுக்கு "வாங்கு" என்று போடக் கூடாது. நிரந்தரமாக இறக்கி, இணையமில்லாமலே பயன்படுத்த முடிந்தால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. 2024 அக்டோபரிலேயே ஸ்டீமின் பணம் கட்டும் பக்கத்தில், நீங்கள் பெறுவது உரிமம்தான் என்ற வரி வந்துவிட்டது. சட்டம் எதையும் காப்பாற்றவில்லை. ஆனால் சேகா சேனல் காலத்து நேர்மை கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது.

அதே அக்டோபரில் இன்னொரு கதவு மூடியது. விற்பனையில் இல்லாத கேம்களை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து பார்க்கத் தர நூலகங்கள் கேட்ட விலக்கை அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது.

எதிர்த்திசையில் போகிறவர்களும் உண்டு. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் 2008ல் தொடங்கிய ஜிஓஜி, பூட்டு இல்லாத கேம்களைத்தான் விற்கிறது. இன்ஸ்டால் ஃபைலை இறக்கி உங்கள் டிஸ்க்கில் வைத்துக்கொண்டால், நாளை அந்தக் கடையே இல்லாவிட்டாலும் ஓடும். ஒரே நிபந்தனை, இறக்கி வைத்திருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் செய்கிறோம்?

என் கார் கேம்

கடைசியில் அது கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. பூட்டை உடைத்த ஒரு பிரதி இணையத்தில் இருந்தது. காசு கட்டாமல் எடுத்தவர்களிடம் ஓடுகிறது, காசு கட்டிய என்னிடம் ஓடவில்லை. அதை இறக்கினேனா என்பதை எழுதப் போவதில்லை. வைரஸ் பயம், சட்டம், எல்லாம் இருக்கிறது. ஆனால் முறையாக வாங்கியவனை அந்த இடம் வரை தள்ளிவிடும் அமைப்பில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

இத்தனை படித்ததில் எனக்குப் பட்டது இதுதான். பிழைத்த கேம்கள் எல்லாம், பிரதி வெளியே போனவை, சாவிக்கு வேறொருவரைக் கேட்கத் தேவையில்லாதவை. மற்றவை எல்லாம் யாரோ ஒருவர் மாதாமாதம் பில் கட்டும் வரைக்கும்தான். அந்தப் பில்லை நிறுத்தச் சொல்லி வரும் டிக்கெட் என்னைப் போன்ற ஒருவன் மேசைக்குத்தான் வருகிறது. அவனும் கெட்டவன் இல்லை, பட்டியலில் உள்ளதைச் செய்கிறான்.

அதனால் பட்டியலில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில், புதிதாக எதையாவது வடிவமைக்கும்போது நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று உண்டு. அதன் கடைசிக் கேள்வி இப்போது இது: இந்த சர்வரை நிறுத்திய மறுநாள், காசு கொடுத்தவர் கையில் என்ன இருக்கும்?

முதல் மாதம் இரண்டு பேர் "பொருந்தாது" என்று எழுதி அனுப்பினார்கள். திருப்பி அனுப்பிவிட்டேன்.

2013ல் நிறுத்திய அந்தப் பாட மென்பொருளுக்கு இனி நான் ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகள் அந்தப் பெட்டியைப் பார்த்தார்களோ. பிறகு முயலவும் என்று அதிலும் எழுதியிருந்தது.